காலுக்குக் கீழே எரிமலை, கரையோரம் சைக்கிள் பாதை: நியூசிலாந்து ஏரிப் பகுதியில் நடப்பது பாதுகாப்பானதா?

2012 நவம்பர் 21, மதிய நேரம். நியூசிலாந்தின் டோங்காரிரோ மலைப் பாதையில் பள்ளி மாணவர்கள் உட்பட பலர் நடந்துகொண்டிருந்தார்கள். திடீரென மலையின் ஒரு பக்கத்திலிருந்து சாம்பல் புகை குபுகுபுவென எழுந்தது. 'டே மாரி' என்ற எரிமலை வாய் வெடித்திருந்தது. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கியது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

அதே பாதையில் இன்றைக்கும் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் நடக்கிறார்கள். பக்கத்தில் டௌபோ, ரொட்டோருவா ஏரிக்கரைகளில் குழந்தைகளோடு சைக்கிள் மிதிக்கிறார்கள். வெடிக்கும் மலையைச் சுற்றி எதற்கு இத்தனை பாதைகள்? ரிஸ்க் எவ்வளவு? வாங்க, பார்க்கலாம்.

ஏரியா, எரிமலையா?

இரண்டும்தான். நியூசிலாந்தின் வடக்குத் தீவில் இருக்கும் டௌபோ, அந்நாட்டின் மிகப்பெரிய ஏரி. பரப்பு 616 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் சின்னது. ஆனால், இந்த ஏரி ஒரு மாபெரும் எரிமலையின் வாய்.

சுமார் 25,500 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே பயங்கர வெடிப்பு நடந்தது. உள்ளே இருந்த குழம்பு வெளியே கொட்டியதும், தாங்க ஆளில்லாத கூரை மாதிரி மேலே இருந்த நிலம் உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி ஏரியானது. கடைசிப் பெரிய வெடிப்பு சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. ரொட்டோருவா ஏரியும் இப்படி நிலம் சரிந்து உருவானதுதான்.

இதற்கெல்லாம் காரணம் பூமிக்கு அடியில் இருக்கிறது. பசிபிக் தட்டு, ஆஸ்திரேலியத் தட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. அப்போது வெளியாகும் நீர், மேலே உள்ள பாறையை எளிதில் உருக வைக்கிறது. கூடவே, இந்தப் பகுதியின் நிலமும் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகிறது. அதனால்தான் இங்கே தெருவோர பார்க்கில்கூட சேறு கொதிக்கிறது.

சைக்கிளுக்கு ஏன் இந்த இடம்?

பதில் மண்ணில் இருக்கிறது. எரிமலை கக்கிய சாம்பலும், நுரைக்கல் துகளும்தான் இங்கே மண். மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் சீக்கிரம் வடிந்துவிடும். முதல் நாள் மழை பெய்திருந்தாலும் மறுநாள் சைக்கிள் சக்கரம் சேற்றில் புதையாது. டௌபோ கரையில் ஒரு நுரைக்கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும்!

எந்தெந்தப் பாதைகள் பிரபலம்?

• வகரேவரேவா காடு, ரொட்டோருவா: மலை சைக்கிள் ஓட்டுபவர்களின் சொர்க்கம். 160 கிலோமீட்டருக்கும் மேல் பாதைகள். 1901-ல் நடப்பட்ட கலிபோர்னியா செம்மரங்களுக்கு அடியில் நடைப்பாதையும் உண்டு. புதிதாக ஓட்டுபவர், கில்லாடி, இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

• கிரேட் லேக் டிரெயில், டௌபோ: ஏரியின் வடமேற்குக் கரையில் சுமார் 70 கிலோமீட்டர். நடக்கலாம், சைக்கிளிலும் போகலாம். ஒரு பகுதி படகுத்துறையில் போய் முடியும். அங்கிருந்து திரும்ப படகை முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

• ஹூகா அருவிப் பாதை: டௌபோ ஊரிலிருந்து ஒரு மணி நேர நடை. ஏரியிலிருந்து புறப்படும் வைகாட்டோ ஆறு, குறுகிய பாறை இடுக்கில் விநாடிக்கு சுமார் 2,20,000 லிட்டர் பாய்கிறது. பாதை தொடங்கும் இடத்தில் வெந்நீர் ஓடை ஒன்றும் இருக்கிறது. டிக்கெட் கிடையாது.

• டரவேரா பாதை: ஏரியை ஒட்டி 15 கிலோமீட்டர், நடை மட்டும். 5 முதல் 6 மணி நேரம் ஆகும். முடியும் இடம் வெந்நீர்க் கடற்கரை போல இருக்கும் ஏரிக்கரை. திரும்பப் படகில் வரலாம்.

• டோங்காரிரோ ஆல்பைன் கிராசிங்: சுமார் 20 கிலோமீட்டர், 6 முதல் 8 மணி நேரம். உச்சம் 1,886 மீட்டர். இங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

1886: ஒரே இரவில் புதைந்த கிராமம்

டரவேரா பாதை தொடங்கும் இடத்துக்கு அருகில் 'டே வைரோவா' என்ற கிராமம் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் 'இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுகள்' என்ற வெந்நீர்ப் பாறை அடுக்குகளைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் வந்தார்கள். அவர்களை அழைத்துப்போனது இங்கிருந்த மாவோரி வழிகாட்டிகள்தான்.

1886 ஜூன் 10, விடியும் முன்பே டரவேரா மலை பிளந்தது. சுமார் 17 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் வெடித்துத் திறந்தது. கிட்டத்தட்ட 120 பேர் உயிரிழந்தனர். சேறும் சாம்பலும் கிராமத்தை மூடின. சோஃபியா என்ற பெண் வழிகாட்டியின் வீடு அந்தப் பாரத்தைத் தாங்கி நின்றது. அதற்குள் ஒண்டியிருந்த 60-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள்.

புகழ்பெற்ற அந்தப் படிக்கட்டுகள் அன்றோடு போயின. அதே வெடிப்பில் பிறந்த வைமாங்கு பள்ளத்தாக்கில் இப்போது நடைப்பாதை இருக்கிறது. அங்குள்ள 'வாணலி ஏரி'யின் வெப்பம் சுமார் 55 டிகிரி செல்சியஸ். பெயருக்கு ஏற்ற ஏரி!

டரவேரா மலையில் நாமாக ஏற முடியாது. அது மாவோரி மக்களுக்குச் சொந்தமான நிலம். வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. டோங்காரிரோ சிகரங்களும் அவர்களுக்குப் புனிதமானவை. 1887-ல் மாவோரித் தலைவர் டே ஹியூஹியூ டூகினோ அளித்த அந்தச் சிகரங்களிலிருந்துதான் நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்கா உருவானது. அதனால்தான் பாதையை விட்டு விலகி சிகரம் ஏறாதீர்கள், மரகத ஏரிகளின் நீரைத் தொடாதீர்கள் என்று நடப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

அப்போ ஆபத்து இல்லையா?

இருக்கிறது. ஆனால் கண்காணிப்பும் இருக்கிறது. 'ஜியோநெட்' அமைப்பு நிலநடுக்கம், வாயு, நீரின் வெப்பம் ஆகியவற்றைக் கவனித்து, ஒவ்வொரு எரிமலைக்கும் 0 முதல் 5 வரை எச்சரிக்கை நிலை அறிவிக்கிறது. 0 என்றால் அமைதி, 5 என்றால் பெரிய வெடிப்பு.

ஆனால் '0' என்பது உத்தரவாதம் அல்ல. அடியில் சூடேறிய நீராவி, பெரிய அறிகுறி எதுவும் காட்டாமலே வெடிக்கலாம். 2012 ஆகஸ்ட் 6 நள்ளிரவுக்குச் சற்று முன் டே மாரி வெடித்தபோது, பறந்து வந்த பாறைகள் பாதையில் இருந்த கெட்டெட்டாஹி குடிலின் கூரையைத் துளைத்தன. அன்று உள்ளே யாரும் இல்லை. அதுவே பகலாக இருந்திருந்தால்? நவம்பர் வெடிப்புக்குப் பிறகு, பாதையின் வடபகுதி 2013 மே மாதம்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

நடப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

1. வேலியைத் தாண்டாதீர்கள். வெந்நீர்ப் பகுதியில் மேலே கெட்டியாகத் தெரியும் தரை, கீழே மெல்லிய ஓடாக இருக்கலாம். உடைந்தால் கொதிநீர்தான்.

2. வெந்நீர்க் குளத்தில் தலையை முக்காதீர்கள். மூக்கு வழியாக ஒரு வகை அமீபா நுழைந்தால் மூளையைத் தாக்கும். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து.

3. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுடையது. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அளவு மிக அதிகமானால் மூக்குக்கு வாசனையே தெரியாமல் போய்விடும். எனவே பள்ளமான இடங்களில் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டாம்.

4. டோங்காரிரோவில் எரிமலையைவிட வானிலைதான் அடிக்கடி ஆளைச் சாய்க்கிறது. காலையில் வெயில், மதியம் பனிக்காற்று என்பது சகஜம். கோடையிலும் குளிராடையும் மழைக்கோட்டும் அவசியம். குளிர்காலத்தில் பனியில் ஏறும் பழக்கம் இல்லாதவர்கள் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது.

5. மலையில் இருக்கும்போது வெடித்தால் செல்ஃபி எடுக்க நிற்காதீர்கள். பறக்கும் கற்களிடமிருந்து தலையைப் பாதுகாத்துக்கொண்டு, வெடிப்பு வாயிலிருந்து விலகிப் போங்கள். பள்ளத்தாக்கில் இறங்க வேண்டாம், சேற்று வெள்ளம் அந்த வழியாகத்தான் வரும்.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. நடைக்கும் சைக்கிளுக்கும் ஏற்ற காலம். டிக்கெட், படகு, ஹோட்டல் எல்லாம் முன்பே புக் செய்யலாம். ஆனால் எரிமலையின் எச்சரிக்கை நிலையை மட்டும் கிளம்பும் நாள் காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாதை மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். அந்த ஏரிக்கரையில் நடக்க வேறு பாதைகளா இல்லை?