காலுக்குப் பூட்ஸா, பூட்ஸுக்குக் காலா?

புதுச் செருப்புக் கடிக்கும் என்பதை நாம் குழந்தைப் பருவத்திலேயே அனுபவத்தால் அறிந்துகொண்டுவிடுகிறோம்; ஆயினும், கணுக்காலையும் சேர்த்து மூடிக்கொண்டு, கனத்த தோலால் விறைப்பாகத் தைக்கப்பட்ட பூட்ஸ் கடிக்கிறபோதுதான் அந்தக் கடியின் முழு உக்கிரமும் விளங்குகிறது. போலீஸ் பயிற்சிக்குப் போகும் இளைஞரும், தேசிய மாணவர் படையில் சேர்ந்து அணிவகுப்பில் நிற்கும் மாணவியும், இரும்பு முகப்பு வைத்த பாதுகாப்புப் பூட்ஸோடு நாள் முழுதும் ஆலையில் வேலை பார்க்கும் தொழிலாளியும், மலையேறும் ஆசையால் சம்பளத்தில் ஒரு பங்கைச் செலவழித்துப் பூட்ஸ் வாங்கியவரும் முதல் வாரத்தில் ஒரே விதமாக நொண்டுகிறார்கள். நொண்டுகிறவர்கள் அனைவரும் தோலைத்தான் குறை கூறுகிறார்கள். அந்தக் குறை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

தோலின் சுபாவம்

மாட்டுத் தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் ஒரு வலை. பச்சையாக விட்டால் அது அழுகும். வெறுமே உலர்த்தினால் பலகையாகும். இவ்விரண்டுக்கும் இடங்கொடாமல் அந்த இழைகளை நிலைபெறச் செய்யும் வித்தையே பதனிடுதல். நம் நாட்டில் இந்த வித்தைக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வந்தது ஆவாரம்பட்டை. சென்னை ராஜதானியில் அந்தப் பட்டையைக் கொண்டு பதனிட்ட தோல்கள் லண்டன் சந்தையில் பெயர் பெற்றிருந்தன. முதல் உலக யுத்தம் மூண்டு, பிரிட்டிஷ் சேனைக்குக் கணக்கில்லாத பூட்ஸ்கள் தேவைப்பட்டபோது, அவற்றின் மேற்புறத்துக்கு ஏற்றவை என்று கண்டு, 1916 முதல் அரசாங்கமே அத்தோல்களைக் கொள்முதல் செய்தது. ஆகவே, ஐரோப்பியப் போர்க்களத்துச் சேற்றில் நடந்த சிப்பாய்கள் பலரின் கால்களைப் போர்த்தியிருந்தது நம் ஊர்ப் புதர்ச்செடியின் பட்டையில் ஊறிய தோல்தான்.

குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் 1884இல் காப்புரிமை பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் அம்முறையைச் சென்னையில் பரிசோதித்துப் பரப்பினார். பிற்பாடு பல்லாவரத்தருகே எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் ஞாபகத்தைக் குரோம்பேட்டை இன்றும் தாங்கி நிற்கிறது. மரப்பட்டையால் பதனிட்ட கனத்த தோல் விறைப்பானது. ஆனால் ஈரமும் சூடும் பாரமும் சேர்ந்து அழுத்தினால் அந்த அச்சை ஏற்றுக்கொண்டு, பிறகு அதை விடுவதில்லை. குரோம் தோலோ முதலிலிருந்தே வளைந்துகொடுக்கும்; வளைத்ததை விட்டால் ஏறக்குறையப் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

நல்ல பூட்ஸ்களில் பெரும்பாலும் இவ்விரண்டு தோல்களும் கலந்தே இருக்கின்றன. மேற்புறம் குரோம் தோலாகவும், பாதம் பதியும் உட்தளம் பட்டைத் தோலாகவும் இருக்கும். உட்தளத்துக்கும் அடித்தோலுக்கும் இடையே தக்கைத் தூளை நிரப்பித் தைத்திருந்தால், நடக்க நடக்க அந்தத் தக்கை அமுங்கி, அணிகிறவருடைய பாதத்தின் மேடுபள்ளங்களைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். நாக்கு இளகும், விரல்கள் மடங்கும் இடத்தில் தோல் மடிந்து பழகும், பக்கங்கள் சிறிதளவு விரிந்துகொடுக்கும். ஆனால் குதிகாலைப் பற்றி நிற்பதற்கென்று பின்புறத்தில் வைத்துத் தைத்த விறைப்பான அட்டையும், விரல் நுனிகளைக் காக்கும் முகப்பும் எளிதில் இளகுவதில்லை. பூட்ஸின் நீளம் அறவே மாறுவதில்லை. பழக்கத்தால் சரியாகக்கூடியது எது, எந்தப் பழக்கத்தாலும் சரியாகாதது எது என்ற இந்த வித்தியாசத்தை அறியாமல் நடக்கத் தொடங்குவதுதான் பாதித் துன்பத்துக்குக் காரணம்.

கொப்புளம் பிறக்கும் விதம்

மற்றப் பாதித் துன்பத்துக்குக் காரணம் நம் சருமத்தில் இருக்கிறது. ஒவ்வோர் அடி எடுத்துவைக்கும்போதும் உள்ளே எலும்பு முன்னும் பின்னுமாக நகர்கிறது. மேற்பரப்பில் உள்ள சருமமோ வியர்வையினால் காலுறையோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. இடையில் அகப்பட்ட அடுக்குகள் ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டு, ஓரிடத்தில் பிளந்துபோக, அந்தப் பிளவிலே தெளிந்த நீர் வந்து நிரம்புகிறது. இந்தப் பிளவு மேற்சருமத்துக்குள்ளேயே நேர்கிறது என்பதையும், புறத்தோல் தடித்திருக்கும் உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற இடங்களில்தான் கொப்புளம் எளிதில் கிளம்புகிறது என்பதையும் மேரியன் சல்ஸ்பர்கர் என்ற அமெரிக்கச் சரும வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1960களில் பரிசோதித்துக் காட்டினார்கள். சருமம் மெல்லியதாக உள்ள இடத்தில் அதே உராய்வு வெறும் சிராய்ப்பாக முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே, 1955இல், இங்கிலாந்தில் நெய்லர் என்பவர் செய்த பரிசோதனைகளில், நன்றாக உலர்ந்த சருமத்தைக் காட்டிலும், முற்றும் நனைந்த சருமத்தைக் காட்டிலும், இலேசாக ஈரம் கசிந்த சருமத்திலேதான் உராய்வு அதிகம் என்பது தெரியவந்தது. பூட்ஸுக்குள் வியர்க்கும் பாதத்தின் நிலைமை சரியாக இந்த நடுநிலைதான்.

கொப்புளம் அற்ப விஷயம் என்று கருதுகிறவர்கள் 1924ஆம் ஆண்டில் வாஷிங்டனில் நடந்ததை நினைவுகூர வேண்டும். அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் இளைய புதல்வன், தந்தையின் பெயரையே கொண்ட பதினாறு வயதுச் சிறுவன், ஜூன் மாதக் கடைசி நாளன்று வெள்ளை மாளிகையின் மைதானத்தில் காலுறை அணியாமல் டென்னிஸ் ஆடினான். கால் விரலில் ஒரு கொப்புளம் கண்டது. அதன் வழியே புகுந்த கிருமிகள் ரத்தத்தில் கலந்து, ஜூலை 7ஆம் தேதியன்று அவன் இறந்தான். பெனிசிலினை ஃபிளெமிங் கண்டறிந்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

சேனை கற்ற பாடம்

பாதத்தின் அருமையை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களில் எட்வர்ட் மன்சன் என்ற அமெரிக்க ராணுவ வைத்திய அதிகாரி முக்கியமானவர். சிப்பாய்களுக்கு உகந்த பாதரக்ஷையைத் தீர்மானிப்பதற்காக 1908இல் அமைக்கப்பட்ட குழுவின் தலைவராக அவர் இருந்து, ஏறக்குறைய 2,000 சிப்பாய்களின் பாதங்களைப் பரிசோதித்தார். அந்த ஆராய்ச்சியின் பயனாக, விரல்கள் விரிந்து அமர்வதற்கு முன்புறம் அகன்றும், பெருவிரல் வளையாமல் நிற்பதற்கு உட்புறம் நேராகவும் உள்ள ஒரு மரக்கட்டை அச்சு உருவாயிற்று. 1912 முதல் அந்தச் சேனையின் பூட்ஸ்கள் அந்த அச்சின்மீதே தைக்கப்பட்டன.

அச்சைக் காட்டிலும் நம் கவனத்துக்கு உரியவை, அதோடு கூடப் பிறந்த விதிகள். உட்கார்ந்த நிலையில் பாதத்தை அளக்கலாகாது; சிப்பாயின் முதுகில் 40 பவுண்டு பாரத்தை ஏற்றி, உடலின் முழுக் கனத்தையும் ஒரு காலில் தாங்கி நிற்கச் செய்து அளக்க வேண்டும். ஏனென்றால், பாரம் ஏறியதும் பாதத்தின் வளைவு தாழ்ந்து, பாதம் நீண்டு அகன்றுவிடுகிறது. அளவு தீர்ந்து புதுப் பூட்ஸ் கைக்கு வந்ததும், அதை அணிந்தபடியே இரண்டரை அங்குல ஆழமுள்ள தண்ணீரில் ஐந்து நிமிஷம் நின்று, தோல் நன்றாக இளகியதும் வெளியே வந்து, சமதரையில் ஒரு மணி நேரம் நடந்து, காலிலேயே அதை உலரவிட வேண்டும். கழற்றிய பிறகு, மாட்டின் காலெலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் சிறிது தேய்த்து வைக்க வேண்டும். அளவு முந்தியது, பழக்கம் பிந்தியது என்ற இந்த வரிசையிலேதான் மன்சனுடைய ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. செருப்புக்காகக் காலைச் செதுக்குவதா என்று நம்மவர்கள் கேட்கும் கேள்விக்கு அவர் ராணுவ உத்தரவு வடிவத்தில் பதில் சொன்னார்.

பழக்கும் முறை

இன்று கடையில் வாங்கும் பூட்ஸைத் தண்ணீரில் ஊறவைக்கும் வழியை யாரும் கைக்கொள்ள வேண்டாம். பசையால் ஒட்டிய அடியும், பஞ்சு வைத்த உட்புறமும், நீர் புகாத மெல்லிய உறையும் அக்காலத்துப் பூட்ஸில் இருந்தவை அல்ல. ஊறினால் அவை கெடும். அடுப்பருகே வைத்துச் சூடேற்றுவதும் தீது. ஈரமான பட்டைத் தோல், நீர் கொதிக்கும் சூட்டை எட்டுவதற்கு வெகு முன்பே சுருங்கிவிடும் இயல்புடையது. சுருங்கிய தோல் திரும்ப நீள்வதில்லை. எண்ணெயிலும் மிதம் வேண்டும்: மடிப்பு விழும் இடத்தில் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும், அளவுக்கு மிஞ்சினால் தோல் தொய்ந்து, காலைப் பிடித்து நிற்கும் பலத்தை இழந்துவிடும்.

புதுப் பூட்ஸைப் பழக்குவது, இளங்காளையை நுகத்துக்குப் பழக்குவது போன்றது. முதல் நாளே பாரம் ஏற்றுகிறவனுக்குக் காளையும் உதவாது, வண்டியும் உதவாது. முதலில் வீட்டுக்குள்ளேயே, பிரயாணத்தின்போது அணியப்போகும் அதே காலுறையோடு ஒரு மணி நேரம் அணிந்து நடமாடலாம், பிறகு தெருக்கோடிவரை, பிறகு சில மைல், இறுதியாக முதுகில் மூட்டையோடு. மெல்லிய பூட்ஸ் ஒரு வாரத்தில் இணங்கிவிடலாம். கனத்த தோலுக்குச் சில வாரங்கள் தேவைப்படலாம். ஒருநாள் அணிந்ததை மறுநாள் காற்றாட வைத்து, உள்ளே காகிதத்தைத் திணித்து ஈரத்தை வாங்கவிடுவது நல்லது. நாடாவை விரல்களின் பக்கம் தளரவும், கணுக்காலின் மடிப்பில் இறுகவும் கட்டினால், குதிகால் மேலெழும்பித் தேய்வது குறையும். கடி பெரும்பாலும் இறுக்கத்தினால் வருகிறது என்று எண்ணி நாடாவை மொத்தமாகத் தளர்த்துகிறவர்கள், அசைவுக்கு இடம் கொடுத்துக் கொப்புளத்தைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

காலுறையும் அற்பமானதன்று. பருத்தி, வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். கம்பளியோ செயற்கை இழையோ நீண்ட நடைக்கு மேல். மெல்லிய காலுறை ஒன்றை உள்ளே அணிந்து, அதன்மேல் தடித்தது ஒன்றை அணிந்தால், உராய்வு சருமத்தை விட்டு இரண்டு துணிகளுக்கிடையே போய்விடுகிறது. ரஷ்யச் சேனையோ தலைமுறை தலைமுறையாகக் காலுறையே இல்லாமல், ஒரு சதுரத் துணியைப் பாதத்தில் மடிப்பு விழாமல் சுற்றிக்கொண்டு நடந்தது; நனைந்த பக்கத்தை மேலே திருப்பி, உலர்ந்த பக்கத்தைப் பாதத்தில் சுற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சௌகரியம். 2013இல்தான் அந்த வழக்கம் முற்றும் கைவிடப்பட்டது.

வியர்வையை அடக்கும் மருந்தைப் பாதத்தில் பூசினால் என்ன என்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். 1998இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், 21 கிலோமீட்டர் நடைக்கு முன் மூன்று இரவுகளாவது மருந்தைப் பூசியவர்களில் 21 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத பூச்சைப் பூசியவர்களில் 48 சதவீதத்தினருக்கும் கொப்புளம் கண்டது. ஆனால் மருந்து பூசியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாத எரிச்சலால் அவதியுற்றார்கள். இதைவிட எளிய உபாயம், ஆஸ்பத்திரிகளில் உபயோகிக்கும் மெல்லிய காகிதப் பிளாஸ்திரி. பாலைவனங்களில் பல நாள் ஓடும் பந்தயக்காரர்களின் பாதங்களில் அதை ஒட்டிப் பார்த்தபோது, கொப்புளங்கள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன என்று ஸ்டான்ஃபோர்டு வைத்தியர்கள் 2016இல் தெரிவித்தார்கள். கொப்புளம் கிளம்புவதற்கு முன் அவ்விடத்தில் ஒரு சூடு தோன்றும். அப்போதே நின்று, பூட்ஸைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்துப் பிளாஸ்திரியை ஒட்டிவிடுகிறவர், கூட வந்தவர்களின் பொறுமையைச் சோதித்தாலும் மறுநாள் நடப்பார்.

அதையும் மீறிக் கொப்புளம் வந்துவிட்டால், சிறியதைத் தொடாமல் விடுவதே உத்தமம். நடக்க முடியாதபடி பெரியதாகி வலித்தால், கையையும் இடத்தையும் சோப்பினால் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிடலாம். மேலே மூடிநிற்கும் சருமத்தை மட்டும் பிய்த்தெறியலாகாது. புண்ணுக்கு அதைவிடச் சிறந்த கட்டு கிடையாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் இந்தச் சுயவைத்தியத்தில் இறங்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அவர்கள் புதுப் பூட்ஸை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பாதத்தைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பதும் அவசியம்.

விசாரணையின் முடிவைச் சொல்லிவிடலாம். தோல்மீது சாட்டிய குற்றத்தில் பெரும்பகுதி, வாங்கியவருடைய அவசரத்தின்மீதே சார்கிறது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், அணியப்போகும் காலுறையோடும் சுமக்கப்போகும் மூட்டையோடும் கடைக்குப் போங்கள். இரண்டு கால்களில் பெரியதற்கு அளவு பாருங்கள். நின்றும் நடந்தும், சரிவில் இறங்குவதுபோல் முன்சாய்ந்தும் சோதியுங்கள். விறைப்பாக இருந்தால் வாங்கலாம், நாளடைவில் இளகும். விரல் நுனி முகப்பில் இடித்தால், ‘போடப் போடச் சரியாகிவிடும்’ என்று கடைக்காரர் எவ்வளவு உறுதி கூறினாலும் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.