டப்ஸ்டெப்: ஒருவருக்கு இசை, இன்னொருவருக்கு இரைச்சல் – ஏன் இந்த வேறுபாடு?

ஏடிஸ் கொசுக்களுக்குப் பாட்டுப் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2019ஆம் ஆண்டு உலகெங்கும் செய்தியானது. மலேசிய சரவாக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இடம்பெற்ற அந்தக் குழு, அமெரிக்கக் கலைஞர் ஸ்கிரில்லெக்ஸின் ‘ஸ்கேரி மான்ஸ்டர்ஸ் அண்ட் நைஸ் ஸ்பிரைட்ஸ்’ என்ற படைப்பை ஆய்வுக்கூடத்தில் ஒலிக்கவிட்டது. அது ஒலித்துக்கொண்டிருந்தபோது பெண் கொசுக்கள் இரையைத் தாக்கத் தாமதித்தன. இரத்தம் குடிப்பதும் இனச்சேர்க்கையும் குறைந்தன.

சிறகடிப்பின் ஒலியை வைத்தே ஆண் கொசு தன் துணையை அடையாளம் காண்கிறது. பலத்த அதிர்வுகள் அந்தச் செய்திப் பரிமாற்றத்தைக் குழப்பக்கூடும் என்பது இதற்கான விளக்கம். ஆய்வுக்கூடத்தில் கண்ட முடிவு என்பதால், வீட்டில் இந்தப் பாட்டைப் போட்டால் டிங்கி வராது என்று யாரும் முடிவுகட்டிவிட முடியாது.

ஆனால், கிண்டல் செய்ய இது வசதியான செய்தி. கொசுவுக்கே பிடிக்காத இசை மனிதருக்கு எப்படிப் பிடிக்கும் என்று கேட்பவர்கள் ஒரு புறம். கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்து அதில் ஆழ்ந்துபோகும் இளையோர் மறு புறம். ‘டப்ஸ்டெப்’ என்னும் இந்த இசையைப் போல ரசிகர்களை இரண்டாகப் பிரித்த இசைவகைகள் அண்மைக் காலத்தில் குறைவு. இன்னும் சொல்லப்போனால், அதை உருவாக்கியவர்களிடையேகூட எது உண்மையான டப்ஸ்டெப் என்பதில் ஒத்த கருத்து இல்லை.

ஓர் இசைத்தட்டுக் கடையில் தொடங்கியது

டப்ஸ்டெப்பின் பிறப்பிடம் அமெரிக்கா என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அது தென் லண்டனில், குறிப்பாக குரோய்டன் வட்டாரத்தில் உருவெடுத்தது. அங்குள்ள சரே ஸ்திரீட் சந்தைத் தெருவில் ‘பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ்’ என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. அங்கு வேலை பார்த்த ஹேட்சா, இளவயதிலேயே கடைக்கு வந்துபோன ஸ்கிரீம், பெங்கா ஆகியோர் 2000களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினிகளில் புதிய ஒலிகளைச் செய்து பார்த்தார்கள். மாலா, கோக்கி, லோஃபா ஆகியோரும் அதே வட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

அப்போது லண்டனில் ‘கராஜ்’ என்ற துள்ளலான நடன இசை புகழ்பெற்றிருந்தது. இந்த இளைஞர்கள் அதிலிருந்து பாடகரின் குரலையும் பளபளப்பையும் அகற்றினார்கள். எஞ்சியது தாளமும் அடியாழத்தில் அதிரும் கீழ்நாத ஒலியும்தான். அதோடு ஜமைக்காவின் ‘டப்’ இசைமரபும் சேர்ந்துகொண்டது. 1970களில் கிங் டப்பி போன்ற ஒலிப்பதிவுக் கலைஞர்கள், ஏற்கனவே வெளிவந்த பாடல்களின் குரலை நீக்கி, எதிரொலியும் கீழ்நாதமும் ஓங்க அவற்றை மறுபடி வடித்தெடுத்தனர். கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனில் குடியேறிய மக்கள், ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்துப் பாட்டுக் கேட்கும் பழக்கத்தை லண்டனுக்குக் கொண்டுவந்திருந்தனர். 2002 வாக்கில் ‘டப்ஸ்டெப்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. அந்தப் பெயரிலேயே ‘டப்’ இருக்கிறது.

தாளம் வேகம், நடை மெதுவு

இந்த இசையின் அமைப்பைப் புரிந்துகொண்டால் கருத்து வேறுபாட்டில் பாதி விளங்கிவிடும்.

டப்ஸ்டெப் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 தட்டுகள் என்ற வேகத்தில் அமைகிறது. கணக்குப்படி அது விரைவான வேகம். ஆனால், ஓங்கி விழும் அடி ஒவ்வொரு நான்கு தட்டிலும் மூன்றாவதில் ஒருமுறைதான் வருகிறது. அதனால் 70 தட்டு வேகத்தில் மெதுவாக நடப்பதுபோல் காதுக்குத் தோன்றுகிறது. நடனமாடுபவர் விரும்பினால் விரைவாக ஆடலாம், விரும்பினால் மெதுவாக அசையலாம். முதல்முறை கேட்பவருக்கோ எந்தத் தட்டைப் பிடித்துக்கொள்வது என்பதே புரிவதில்லை.

அடுத்தது ‘வாபிள்’ எனப்படும் அலையும் ஒலி. ஒரு கனத்த கீழ்நாதத்தை ஒலிவடிகட்டி வழியே செலுத்தி, அந்த வடிகட்டியைத் தாளத்துக்கேற்பத் திறந்து மூடினால் ‘வவ்-வவ்-வவ்’ என்று ஒலி எழும். திறந்து மூடும் வேகத்தை மாற்றினால் ஒரே சுரம் முனகும், உறுமும், அலறும்.

உருமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஒலி முற்றிலும் அந்நியமானதன்று. உருமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது, சுரம் ஒரே இடத்தில் நில்லாமல் வழுக்கிச் செல்கிறது. வாபிளுக்கும் உருமிக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும், உறுமும் ஒலி உடலைச் சிலிர்க்க வைக்கும் என்பதை இரண்டு மரபுகளும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன.

மூன்றாவது ‘டிராப்’. இசை சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போகும், திடீரென ஒரு கணம் நின்றுவிடும், பிறகு கீழ்நாதமும் தாளமும் மொத்தமாக இறங்கும். ரசிகர்கள் காத்திருப்பது இந்தக் கணத்துக்காகத்தான்.

காதால் மட்டும் கேட்கும் இசை அன்று

ஆரம்பகால டப்ஸ்டெப்பின் உயிர் சுமார் 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளில் இருக்கிறது. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து கேட்கத் தொடங்குகிறது. ஆனால், அந்த அடிமட்டத்தில் அதன் கூர்மை குறைவு. நன்கு கேட்க வேண்டுமானால் ஒலியை மிகவும் கூட்ட வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதை அறை முழுதும் எழுப்பப் பெரிய ஒலிபெருக்கி வேண்டும். அப்படி எழும்பும்போது அது காதில் மட்டும் விழுவதில்லை. நெஞ்சிலும் வயிற்றிலும் அதிர்வாக உணரப்படுகிறது.

இதை லண்டன் ரசிகர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஷோர்டிச்சில் இருந்த ‘பிளாஸ்டிக் பீப்பிள்’ என்ற சிறிய, இருண்ட மன்றத்தில் ‘ஃபார்வர்ட்’ இசையிரவுகள் நடந்தன. 2005இல் மாலா, கோக்கி, லோஃபா ஆகியோர் பிரிக்ஸ்டனில் ‘டிஎம்ஸி’ இசையிரவுகளைத் தொடங்கினர். ஒலியின் கனத்தில் தியானம் செய்ய வாருங்கள் என்பதே அவர்களுடைய அழைப்பின் சாரம். வெளிச்சம் குறைவு, மேடைக் கவர்ச்சி இல்லை. வந்தவர்கள் இருட்டில் நின்று ஒலியை உடலால் உணர்ந்தார்கள்.

அந்த அனுபவத்துக்கு அறிவியல் சான்றும் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மின்னிசை நிகழ்ச்சியின்போது, காதுக்குப் புலப்படாத அளவு மிகத் தாழ்ந்த அதிர்வுகளை விட்டுவிட்டு ஒலிக்கச் செய்தார்கள். அவை ஒலித்த நேரங்களில் வந்திருந்தவர்களின் ஆட்டம் ஏறக்குறைய 12 விழுக்காடு கூடியது. 2022இல் அந்த முடிவு வெளியானது.

இப்போது அதே படைப்பைக் கைப்பேசியில் கேட்பதாக வைத்துக்கொள்வோம். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த அடிநாதங்களை எழுப்பவே முடியாது. மிஞ்சுவது தட்டும் கொஞ்சம் சலசலப்பும்தான். ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு அந்த இசையின் முக்கியப் பகுதி வந்து சேரவே இல்லை.

அட்லாண்டிக்கைக் கடந்ததும் மாறிய முகம்

2005இல் ஸ்கிரீமின் ‘மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்’ வெளிவந்து, சிறு வட்டத்துக்கு வெளியேயும் இந்த இசையைக் கொண்டுசென்றது. 2006 ஜனவரியில் பிபிசி ரேடியோ 1இல் மேரி ஆன் ஹாப்ஸ் படைத்த ‘டப்ஸ்டெப் வார்ஸ்’ நிகழ்ச்சி, லண்டன் தெருக்களின் இசையை உலக ரசிகர்களிடம் சேர்த்தது. 2007இல் பரியல் என்ற புனைபெயரில் இயங்கிய கலைஞரின் ‘அன்ட்ரூ’ தொகுப்பு வந்தது. மழையில் நனைந்த நள்ளிரவு நகரைப் போன்ற சோகம் ததும்பும் அந்தத் தொகுப்பு, 2008இல் பிரிட்டனின் மெர்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

அதே காலத்தில் கேஸ்பா, ரஸ்கோ போன்றவர்கள் வாபிள் ஒலியை முன்னுக்குக் கொண்டுவந்து ஆர்ப்பாட்டமான பாணி ஒன்றை வளர்த்தார்கள். அமெரிக்காவில் அது காட்டுத்தீயாய்ப் பற்றிக்கொண்டது. முன்பு ராக் குழு ஒன்றில் பாடகராக இருந்த சன்னி மோர், ஸ்கிரில்லெக்ஸ் என்ற பெயரில் 2010இல் ‘ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்’ தொகுப்பை வெளியிட்டார். 2012இல் அவருக்கு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. பிரிட்னி ஸ்பியர்ஸ், டெய்லர் ஸ்விஃப்ட் ஆகியோரின் பாடல்களிலும் டப்ஸ்டெப் சாயல் புகுந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. ஸ்கிரில்லெக்ஸ் பாணியில் உறுமல் அடிமட்டத்தில் அடங்கிவிடுவதில்லை. இடைப்பட்ட சுரங்களுக்கு ஏறி, இயந்திரங்கள் மோதுவதுபோல் கிறீச்சிடுகிறது. மடிக்கணினியிலும் மலிவான காதொலிக் கருவியிலும் அது தெளிவாகக் கேட்கும். யூடியூப் வழியே உலகம் முழுதும் அது பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், பலருக்குக் காது கூசியதற்கும் அதுவே காரணம்.

ரசிகர்களுக்குள் நடக்கும் வழக்கு

பழைய லண்டன் ரசிகர்கள் பலர் புதிய பாணியை ஏற்கவில்லை. ‘புரோஸ்டெப்’ என்று ஏளனமாகப் பெயரிட்டார்கள். அமைதிக்கும் இடைவெளிக்கும் இடம் இருந்த இசை, யார் அதிகம் சத்தம் போடுவது என்ற போட்டியாகிவிட்டது என்பது அவர்களின் குறை. டப்ஸ்டெப்பின் நிழலில் வளர்ந்த பாடகர் ஜேம்ஸ் பிளேக்கும் 2011இல் இதே கருத்தைச் சொன்னார். முரட்டு ஆண்மையைப் பறைசாற்றும் இசையாக அது மாறி, பெண்களை விலக்கிவிடுகிறது என்பது அவருடைய விமர்சனம்.

மறுதரப்பின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. லண்டனின் இருண்ட மன்றத்துக்குப் போக வாய்ப்பில்லாத லட்சக்கணக்கான இளையோருக்கு மின்னிசையின் கதவைத் திறந்தது ஸ்கிரில்லெக்ஸ் பாணிதான். உலோக ராக் இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஆவேசம் பழக்கமானது. கராஜிலிருந்தும் டப்பிலிருந்தும் கடன் வாங்கி உருவான இசையை இன்னொருவர் கடன் வாங்கி மாற்றக் கூடாது என்று சொல்வதிலும் நியாயம் குறைவு.

முற்றிலும் வெளியே நிற்பவர்களின் குறை வேறு. அவர்கள் பாட்டில் வரிகளைத் தேடுகிறார்கள், மனத்தில் தங்கும் மெட்டைத் தேடுகிறார்கள். டப்ஸ்டெப்பில் இரண்டும் அரிது. அது தரும் இன்பம் எதிர்பார்ப்பில் இருக்கிறது. மொன்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவின்படி, பிடித்த இசையின் உச்சக்கட்டத்தில் மட்டுமன்றி, அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போதும் மூளையில் டோபமின் சுரக்கிறது. அந்த ஆய்வு டப்ஸ்டெப்புக்கென நடத்தப்பட்டதன்று. ஆனாலும், டிராப்புக்காகக் காத்திருக்கும் ரசிகரின் பரவசத்தை அது விளக்குகிறது. எது வரப்போகிறது என்று அறியாதவருக்கு எதிர்பார்ப்பும் இல்லை, அதனால் இன்பமும் இல்லை. ஆலாபனைக்குப் பழகாதவர் கச்சேரியில் பொறுமை இழப்பதும் இதே காரணத்தால்தான்.

சண்டைக்கு முன் ஒரு சோதனை

பிள்ளையின் அறையிலிருந்து வரும் உறுமலால் வீட்டில் வாக்குவாதம் எழுந்தால், ஒரு காரணத்தை நினைவில் கொள்ளலாம். கீழ்நாதம் சுவரை எளிதில் ஊடுருவும், உயர்ந்த சுரங்களைச் சுவர் தடுத்துவிடும். அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்பது இசையன்று, அதன் அதிர்வு மட்டுமே. அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டாருக்கும் இதே நிலைதான். ஒலிபெருக்கியைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் சற்றுத் தள்ளி வைத்தால் அதிர்வு ஓரளவு குறையும்.

இந்த இசையை நேர்மையாக எடைபோட விரும்புவோர் நல்ல காதொலிக் கருவியில் மூன்று படைப்புகளை வரிசையாகக் கேட்கலாம்: ‘மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்’, ‘அன்ட்ரூ’, ‘ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்’. மூன்றும் ஒரே பெயருக்குள் அடங்குபவை என்று நம்புவதே கடினமாக இருக்கும். ஒன்றைப் பிடிக்காமல் மற்றொன்றைப் பிடித்துப்போவதும் இயல்பு.

கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாத விஷயம் ஒன்று உண்டு. கனத்த ஒலியை உடலால் உணரும் ஆசையில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது காதுக்கு ஆபத்து. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த பிறகும் காதில் ‘ஙொய்’ என்ற ஒலி நீடித்தால், அது காது தரும் எச்சரிக்கை. உட்செவியின் நுண்ணிய உணர்வணுக்கள் அழிந்தால் மறுபடி வளர்வதில்லை. லண்டனின் இசைமன்றங்களுக்குப் போகிறவர்களில் பலர் காதடைப்பான் அணிந்துகொண்டே போகிறார்கள். அது தடுப்பது காதுக்குள் நுழையும் ஒலியைத்தான். நெஞ்சில் உணரும் அதிர்வு அப்போதும் குறைவதில்லை.