முதல் காணொளிக்கு எது நல்ல நேரம்?

கேமரா வாங்கியாகிவிட்டது. தலைக்கவசத்துக்குள் ஒலிவாங்கியும் ஒட்டியாகிவிட்டது. சேனலுக்குப் பெயர் வைத்து, முத்திரைச் சின்னமும் வரைந்தாயிற்று. கைப்பேசியில் இருபது முப்பது பதிவுகள் கிடக்கின்றன. ஆனால் சேனலில் ஒரு காணொளிகூட இல்லை. "இன்னும் கொஞ்சம் நல்லா வரட்டும் அக்கா, அப்புறம் போடலாம்" என்று சொல்லும் தம்பிகளை ஈப்போவில் அடிக்கடி சந்திக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் இருக்கிறார்கள். சனிக்கிழமை மோட்டாரை எடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை மூன்று காணொளிகள் போடுவார்கள், அடுத்த மாதம் சேனலே காணாமல் போயிருக்கும்.

மோட்டார் சைக்கிள் சேனல் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் நம் குடும்பங்களில் பெருகி வருகிறார்கள். சிலருக்கு அது வார இறுதிப் பொழுதுபோக்கு. சிலர் வேலையை விட்டுவிட்டு அதிலேயே இறங்கலாமா என்றும் யோசிக்கிறார்கள். எனவே "எப்போது தொடங்குவது?" என்பது சாதாரணக் கேள்வி அல்ல. அதில் பணமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது.

மரம் சொல்லும் கணக்கு

பேரா மாநிலத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்விக்கான பதில் பழக்கமான ஒன்றுதான். ரப்பர் கன்றை நட்ட மறுநாளே யாரும் உளியை எடுப்பதில்லை. பால் வெட்டத் தொடங்க ஏறத்தாழ ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆனால் தோட்டங்களில் வயதை மட்டும் வைத்து அதை முடிவு செய்யவில்லை. மரத்தின் சுற்றளவை அளந்தார்கள். 45 முதல் 50 செண்டிமீட்டர் வந்துவிட்டால் அந்த மரம் தயார். ஒரு காட்டில் 70 விழுக்காட்டு மரங்கள் அந்த அளவை எட்டியதும் வெட்டு தொடங்கிவிடும். கடைசி மரமும் பெருக்கட்டும் என்று காத்திருந்தால் நட்டம். முதல் மரம் பெருத்ததுமே தொடங்கினாலும் நட்டம்தான்.

சேனலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், சுற்றளவைப் பாருங்கள். பத்தில் ஏழு தயாராகிவிட்டால் தொடங்குங்கள்.

அலை வரும்போது கடை திறந்திருக்க வேண்டும்

நமக்கு மிக அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது மோட்டார் சேனல் அல்ல, சமையல் சேனல். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் தம்பதியான சுகு - பவித்ரா 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காணொளிகளைப் பதிவேற்றத் தொடங்கினார்கள். எளிமையான சமையலறை, கைப்பேசி, தெளிவான மலாய்மொழி, பவித்ராவின் இயல்பான பேச்சு, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாடே வீட்டுக்குள் முடங்கி, என்ன சமைக்கலாம் என்று தேடியது. சில வாரங்களில் அந்தச் சேனல் நாடு முழுவதும் பரவியது. ஜூன் 5-ஆம் தேதி அப்போதைய பிரதமர் டான் ஸ்ரீ முகிதீன் யாசின் தமது தொலைக்காட்சி உரையிலேயே பவித்ராவைக் குறிப்பிட்டார்.

அப்படியோர் அலை வரும் என்று யாராலும் கணித்திருக்க முடியாது. ஆனால் அலை வந்தபோது அவர்களுடைய சேனல் ஏற்கெனவே திறந்திருந்தது. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அடுத்ததைத் தேடியபோது, பார்ப்பதற்கு வேறு காணொளிகளும் இருந்தன. "நல்ல கேமரா வாங்கியதும் தொடங்கலாம்" என்று அவர்கள் காத்திருந்தால் அந்த வாய்ப்பு வேறு யாருக்கோ போயிருக்கும்.

பெரிய மோட்டார் கட்டாயமா?

நெதர்லாந்தைச் சேர்ந்த நொராலி ஸ்கூன்மேக்கர் நிலவியல் துறையில் வேலை பார்த்தவர். 2018-இல் வேலையை விட்டுவிட்டு இந்தியாவுக்குப் போனார். டெல்லியில் 411 சிசி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் ஒன்றை வாங்கி, அதற்கு 'பசந்தி' என்று பெயர் வைத்தார். மியான்மார், தாய்லாந்து வழியாக மலேசியாவரை ஓட்டி வந்தார். பிறகு மத்திய கிழக்கு, மத்திய ஆசியா வழியாகச் சொந்த நாட்டை அடைந்தார். அவருடைய 'இட்சி பூட்ஸ்' சேனலை இன்று உலகமே பார்க்கிறது. பின்னாளில் ஆப்பிரிக்காவைச் சுற்றியபோதும் அவர் ஓட்டியது 300 சிசி ஹோண்டாதான்.

அவருடைய காணொளிகளில் வேகம் முதன்மையாக இருப்பதில்லை. இன்று எங்கே போகிறோம், பாதை எப்படி, வழியில் யாரைச் சந்தித்தோம் என்பதே கதை. நம் ஊர் கப்சாயிலும் இதைச் செய்யலாம். 'கப்சாய்' என்ற பெயரே ஹோண்டா கப் மோட்டாரிலிருந்து வந்ததுதான். நம் தாத்தாக்களையும் அப்பாக்களையும் வேலைக்குச் சுமந்து சென்ற வண்டி அது. அதற்கு இருக்கும் கதை புத்தம்புதிய சூப்பர் பைக்குக்குக் கிடையாது.

அவசரத்தின் விலை

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கோவையைச் சேர்ந்த டி.டி.எஃப். வாசனுக்குத் தமிழ் மோட்டார் சேனல் உலகில் லட்சக்கணக்கான ரசிகர்கள். 2023 செப்டம்பர் 17-ஆம் தேதி சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே முன்சக்கரத்தைத் தூக்க முயன்று விழுந்தார். ஓட்டியது சுசுகி ஹயபூசா. கை எலும்பு முறிந்தது. இரண்டு நாள்களில் கைது செய்யப்பட்டார். அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்குத் தகுதியிழப்பு செய்யப்பட்டது. பிணை மனுவை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி, சேனலை மூடிவிட்டு அந்த மோட்டாரை எரித்துவிடலாம் என்கிற அளவுக்குக் கடிந்துகொண்டார்.

நம் நாட்டுச் சட்டமும் கடுமையானதுதான். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி, ஆபத்தான முறையில் ஓட்டினால் 5 ஆண்டுவரை சிறையும், 5,000 முதல் 15,000 ரிங்கிட்வரை அபராதமும் விதிக்க முடியும். இதில் இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. நீங்கள் போடும் காணொளியே உங்களுக்கு எதிரான சாட்சி. போலீஸ் தேடி அலையத் தேவையில்லை, நீங்களே நாளும் இடமும் குறித்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

சட்டத்தைவிடப் பெரியது உயிர். 2019-இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பையன் மோட்டார் சேனல் என்றதும் அம்மா முகம் மாறுகிறது என்றால், அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைக் கேலி செய்ய வேண்டாம். முதல் காணொளியை அம்மாவிடம் போட்டுக் காட்டத் தயங்குகிறீர்கள் என்றால், அது பதிவேற்ற வேண்டிய காணொளி அல்ல.

நான்கு அளவுகள்

சரி, சுற்றளவை எப்படி அளப்பது?

முதலாவது, கையிருப்பு. வானொலியில் புதிய தொடர் ஒன்றைத் தொடங்கும்போது சில பகுதிகளை முன்பே பதிவு செய்து வைத்துக்கொள்வோம். அறிவிப்பாளருக்குக் காய்ச்சல் வந்தாலும் நிகழ்ச்சி நிற்கக் கூடாது. உங்களிடமும் வெட்டி, ஒட்டி, முடித்த நான்கு காணொளிகள் இருக்கட்டும். அடுத்த பத்துக்கான தலைப்புகள் ஒரு தாளில் இருக்கட்டும். பத்துத் தலைப்பு எழுத முடியவில்லையென்றால் சேனலுக்கு இன்னும் விதையே விழவில்லை என்று பொருள்.

இரண்டாவது, ஒலி. படம் கொஞ்சம் ஆடினால் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். காற்று இரைச்சலில் பேச்சு கேட்காவிட்டால் பத்து விநாடியில் போய்விடுவார்கள். சிறிய ஒலிவாங்கியைப் பஞ்சு உறை போட்டு, தலைக்கவசத்தின் கன்னப் பகுதிக்குள் பொருத்திப் பாருங்கள். பதிவை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். கதை புரிந்தால் தேர்ச்சி. வேண்டுமானால் காணொளியை யூடியூபில் பொதுவில் வைக்காமல், இணைப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றி நான்கைந்து பேரிடம் கருத்துக் கேட்கலாம்.

மூன்றாவது, ஆவணங்கள். பி2 உரிமம் 250 சிசிவரைதான். நண்பரின் பெரிய மோட்டாரை 'ஒரு சுற்று' ஓட்டிப் படம் பிடிக்கும் முன் உங்கள் உரிமத்தைப் பாருங்கள். சாலை வரி, காப்புறுதி இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். பழைய தோட்டங்கள் பல இன்றும் நிறுவனங்களின் சொந்த நிலம்தான். நுழைவாயில் காவலரிடம் அனுமதி கேளுங்கள். ஓட்டும்போது கேமராத் திரையைப் பார்க்க வேண்டியிருந்தால், கேமரா தவறான இடத்தில் இருக்கிறது.

நான்காவது, நேரமும் பணமும். யூடியூப் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி வழி என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால் 60,000 பார்வைகள் தேவை. வாரம் ஒன்று வீதம் 52 காணொளிகள் போட்டால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1,150 பார்வைகள் வர வேண்டும். முடியாத எண் அல்ல. ஆனால் அது வருமானத்தின் தொடக்கக் கோடு மட்டுமே. இந்தக் கணக்கை நம்பி வேலையை விடுவதும், ஒன்பது ஆண்டுத் தவணையில் பெரிய மோட்டார் எடுப்பதும் விபரீதம். மாதத் தவணைக்கு அல்கோரிதம் தெரியாது.

இந்த நான்கில் மூன்று முழுமையாக இருந்து, நான்காவது பாதி வந்திருந்தால் போதும். ஆனால் ஆவணங்களில் மட்டும் பாதி என்ற பேச்சே கூடாது.

எந்தக் கிழமை, எத்தனை மணி?

வெள்ளி இரவா, ஞாயிறு காலையா என்று பலர் மூளையைக் கசக்குகிறார்கள். முதல் காணொளிக்கு அது தேவையே இல்லை. உங்கள் பார்வையாளர்கள் எப்போது வருகிறார்கள் என்பதைச் சேனலின் புள்ளிவிவரப் பக்கம்தான் சொல்லும். பார்வையாளர்களே இல்லாத சேனலுக்கு அந்தத் தகவலும் இல்லை. முதலில் தொடங்குங்கள், நேரத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

எத்தனை நாளுக்கு ஒன்று? அதற்கும் தோட்டத்தில் பதில் உண்டு. ஒரே மரத்தைத் தினமும் வெட்டினால் பால் வற்றிவிடும். அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறை இருந்தது. ஞாயிறு படப்பிடிப்பு, வார நாள்களில் தொகுப்பு, அடுத்த ஞாயிறு வெளியீடு. முழுநேர வேலை பார்ப்பவருக்கு இதுவே தாங்கும். படப்பிடிப்பைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் பிற்பகல் மழையை நம்ப முடியாது.

கதை வாசலிலேயே இருக்கிறது

தலைப்பு கிடைக்கவில்லை என்பவர்களுக்கு ஒரு சுற்று சொல்கிறேன். ஈப்போவில் பசியாறிவிட்டுப் பழைய கூட்டரசுச் சாலையில் வடக்கே போங்கள். சுங்கை சிப்புட், துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த மண். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியவர் அவர். இன்னும் கொஞ்சம் போனால் கோலகங்சார். 1877-இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாக இன்றும் அங்கே நிற்கிறது. அதன் முன் உங்கள் கப்சாயை நிறுத்தி, உங்கள் பாட்டி பால் வெட்டிய கதையைச் சொன்னால் அதுவே ஒரு காணொளி.

தெற்கே போனால் பத்து காஜா அருகில் கெல்லி கோட்டை. 1915-இல் தொடங்கிய கட்டுமானம், 1926-இல் கெல்லி ஸ்மித் லிஸ்பனில் இறந்ததும் நின்றுபோனது. பக்கத்திலேயே நம் தொழிலாளர்களின் மாரியம்மன் கோயில். அதன் கூரைச் சிலைகளுக்கிடையே கோட் அணிந்த வெள்ளைக்காரர் ஒருவர் நிற்பதையும் படம் எடுங்கள். முற்றுப்பெறாத அந்தக் கட்டடத்தைத்தான் இன்றும் ஊர் ஊராக வந்து பார்க்கிறார்கள்.

லயங்கள் இடிந்துகொண்டிருக்கின்றன. பெரட்டுக் களங்கள் செம்பனைக்குள் மறைந்துவிட்டன. உளியும் மங்கும் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டே போகிறார்கள். சேனல் ஓர் ஆண்டு கழித்துத் தொடங்கினாலும் சேனல்தான். ஆனால் அடுத்த ஆண்டு அந்தத் தாத்தா பேட்டி கொடுக்க இருப்பாரா என்பது வேறு கேள்வி.

ஆகவே பதிவு செய்வதை இந்த வாரமே தொடங்குங்கள். நான்கு காணொளிகள் சேர்ந்ததும் பதிவேற்றுங்கள். அதற்குப் பெரும்பாலும் ஐந்தாறு வாரங்கள் ஆகும். அந்தத் தேதியை இன்றே வீட்டு நாள்காட்டியில் வட்டமிட்டு, வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள். சொன்ன தேதியை அவர்கள் மறக்க விடமாட்டார்கள்.