அரக்குத் தட்டில் மின் கித்தார்



பாலாற்றங்கரையில் ஆற்காட்டுக்கு எதிரே அமைந்த எங்கள் ராணிப்பேட்டையில், தோல் தொழிலில் பழகியவர்களுக்கு அரக்குப் புதிய பொருளன்று. வெண்காரம் இட்ட நீரில் அதனைக் கரைத்துப் பதனிட்ட தோலின்மேல் பூசித் தேய்த்தால், தோல் கண்ணாடிபோல் மினுங்கும். அதே அரக்குத்தான் ஏறத்தாழ அறுபது ஆண்டுக்காலம் உலகத்தின் பாட்டையெல்லாம் சுமந்தது. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. அதனோடு கல்மாவும் கரியும் பஞ்சுத் துகளும் கலந்து, சூடேற்றி அழுத்தினால் இசைத்தட்டு உருவாகும். எடையில் அரக்கைவிடக் கல்மாவே மிகுதி. எஃகு முள்ளைத் தேய்த்து வரிப்பள்ளத்துக்கு இசையச் செய்வதும் அந்த மாவே. நாம் கேட்கும் இரைச்சலுக்குக் காரணமும் அதுவே. பக்கத்துக்கு ஒரு முள் மாற்ற வேண்டியிருந்தது இதனால்தான்.

இத்தட்டுகளில் நெடுநாள் இடம் கிடைக்காமல் தவித்த வாத்தியம் கித்தார். 1925-க்கு முன் ஒலிவாங்கி இல்லை. ஒரு கூம்பின் முன் நின்று உரக்கப் பாடினால்தான் ஒலி பதியும். ஒலிவாங்கி வந்த பின்னும், ஊதுகுழல்கள் நிறைந்த கோஷ்டியில் கித்தாரின் மெல்லிய குரல் அமுங்கிப் போயிற்று. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதற்கு வழி பிறந்தது. எஃகுத் தந்திக்கு அருகே ஒரு காந்தத்தையும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளையும் வைத்தார்கள். தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அதனைப் பெருக்கி ஒலியாக்கலாம். மரப்பெட்டியின் உதவியே வேண்டுவதில்லை.

இக்கருவிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர்களுள் தலையாயவர் சார்லி கிறிஸ்டியன் என்ற நீக்ரோ இளைஞர். 1916-இல் பிறந்த அவர், 1939-இல் பென்னி குட்மனின் கோஷ்டியில் சேர்ந்தார். அதுவரை கோஷ்டிக் கித்தார் பெரும்பாலும் தாளத்துக்குத் துணை. அவர் கையில் அது ஊதுகுழலுக்குச் சமமாக நின்று தனி ஆவர்த்தனம் செய்தது. 1942 மார்ச்சில் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது இருபத்தைந்து!

அடுத்த மாதமே அமெரிக்க அரசு, இசைத்தட்டுக்கான அரக்கில் நூற்றுக்கு எழுபது பங்கை வெட்டியது. அரக்கு வரவேண்டியது நம் நாட்டிலிருந்து, கடல்வழியிலோ போர். பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதியது என்ற நிலை வந்தது. ஒரு பாட்டை அரைத்து மற்றொரு பாட்டை வார்த்தார்கள். எவை எவை அவ்வாறு மாண்டனவோ!

நம் நாட்டில் மின் கித்தாரின் முன்னோடி, லக்னோவில் பிறந்த வான் ஷிப்லி. இந்துஸ்தானி இசையில் முறையாகப் பயின்ற அவர், எட்டுத் தந்திக் கித்தார் ஒன்றைத் தாமே வகுத்துக்கொண்டார். கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்துவதுபோல, தந்திமேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாய் முறையில் கமகம் இயல்பாக வரும். திரைப்பாடல் மெட்டுகளைச் சொல்லில்லாமல் அவர் எச்.எம்.வி. தட்டுகளில் பதிவு செய்தார். பலவற்றில் ஈனக் டேனியல்ஸின் அக்கார்டியனும் சேர்ந்தது. பாடகரின் குரலைவிட அந்த வழுக்கலே என் செவிக்கு இனிக்கும், இசைவாணர்கள் பொறுத்தருள்க. 2008-இல் அவர் மறைந்தார்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மேனாடுகளில் அரக்குத் தட்டு வழக்கொழிந்த பின்னும், 1960-களின் நடுவில் பீட்டில்ஸ் குழுவின் மின் கித்தார்ப் பாடல்கள்கூடக் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் அரக்குத் தட்டுகளாக அச்சாயின. மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்கள் இருந்தன அல்லவா! மின்சாரத்தால் பிறந்த நாதத்தை, மின்சாரமே இல்லாத பெட்டி பாடிற்று.

அத்தகைய தட்டுகளை எடைக்குப் போடுவோரை இன்றும் காண்கிறேன். வைத்திருப்பவர்கள் சாராயம் கலந்த எதனாலும் துடைக்க வேண்டாம். அரக்கு அதில் கரையும், பாட்டும் உடன் போகும். மென்துணியை நீரில் நனைத்துப் பிழிந்து, காகித முத்திரையில் ஈரம் படாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். விற்கத் துணிந்துவிட்டால், அதற்கு முன் முத்திரையில் உள்ள பெயரையும் எண்ணையுமாவது ஒருமுறை படித்துப் பாருங்கள்.