இல்லாத காலில் ஏறிய அட்டை

"அட்டை ஏறுது புள்ள, விரல் இடுக்குல பாத்து எடுத்து விடு."

துணைக்கு நான் தங்கிய இரவுகளில் பெரியம்மா இப்படித்தான் எழுப்புவார். வலது காலைத்தான் காட்டுவார். சீனி வியாதியில் புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே அந்தக் காலை எடுத்து அப்போது நான்கு மாதம்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர் அவர். மழைக்காலத்தில் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலைக்குப் போகும் சகோதரிகளுக்கு அட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இல்லாத காலில் அட்டை ஏறுமா? காத்துக் கருப்பு என்றார்கள் லயத்தில். பாசாங்கு என்றாள் அவருடைய மருமகள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். கிளினிக்கிலும் சிரித்து அனுப்பிவிட்டார்கள். அதன்பின் பெரியம்மா யாரையும் எழுப்பவில்லை. விடியும்வரை விழித்துக் கிடப்பார்.

விளக்கம் கிடைத்தது ஒரு தமிழரின் எழுத்தில். வி. எஸ். ராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மூளையை ஆராய்ந்தவர். நம் உடம்பின் வரைபடம் ஒன்று மூளையில் இருக்கிறது. கால் போனாலும் வரைபடத்தில் அதன் இடம் போவதில்லை. அந்த இடம் கிளறப்பட்டால், காலில்தான் ஏதோ நடக்கிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. அரிப்பும் வலியும் பொய்யல்ல. கை இழந்த ஓர் இளைஞரின் கன்னத்தை ராமச்சந்திரன் பஞ்சுக்குச்சியால் தொட்டபோது, போன கையையும் தொடுவதாக அவர் உணர்ந்தார். முகத்துக்கும் கைக்கும் உரிய இடங்கள் மூளையில் லயத்துக் காம்பராக்கள் போல அடுத்தடுத்து இருப்பதே காரணம்.

இரண்டு காலும் உள்ள நமக்கும் மூளை இட்டுக்கட்டித்தான் காட்டுகிறது. வெள்ளைத் தாளில் ஒரு சிலுவைக் குறியும், அதற்கு வலப்புறம் மூன்று அங்குலம் தள்ளி ஒரு பொட்டும் வையுங்கள். இடது கண்ணை மூடி, சிலுவையை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஓரடி தூரமளவில் பொட்டு மறைந்துவிடும். கண்ணில் பார்வையில்லாத புள்ளி ஒன்று உண்டு. அந்த ஓட்டையை மூளை வெள்ளைத் தாளாலேயே அடைத்துவிடுகிறது!

மூளையை ஏமாற்றியே வலியைக் குறைக்கலாம் என்று 1990களில் ராமச்சந்திரன் காட்டினார். தேவைப்பட்டது ஒரு கண்ணாடி மட்டுமே. நல்ல உறுப்பின் பிம்பம், இல்லாத உறுப்பின் இடத்தில் தெரியவேண்டும். கால் இழந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் தினம் 15 நிமிடம், நான்கு வாரம் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வலி குறைந்திருந்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. புண் முழுதாக ஆறியபின், வைத்தியரைக் கேட்டே செய்யவேண்டும்.

நாங்களும் கேட்டுக்கொண்டுதான் அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி, பெரியம்மாவின் கால்களுக்கு நடுவே நிறுத்தினோம். இடது கால் விரல்களை மெல்ல அசைத்தார். கண்ணாடியையே வெகுநேரம் பார்த்தார்.

"அட, வந்துருச்சு புள்ள" என்றார்.

இப்போதும் சில மழை இரவுகளில் அட்டை ஏறுகிறதாம். கூசாமல் எழுப்புகிறார். மருமகள்தான் எழுந்து கண்ணாடியைக் கொண்டு வருகிறாள்.