லாரி வாங்கும் முன் ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள்

நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய லாரி ஓனர் ஒருவரிடம் எந்தக் கம்பெனி வண்டி நல்லது என்று கேட்டுப் பாருங்கள். ‘எந்த லைனுக்கு ஓட்டப் போறீங்க?’ என்று அவர் திருப்பிக் கேட்பார். கேஸ் டேங்கரா, திருச்செங்கோட்டு ரிக் வண்டியா, மேட்டூரில் சாம்பல் ஏற்றும் பல்க்கரா, மகாராஷ்டிரா, குஜராத் என்று வடக்கே போகும் டாரஸா என்று தெரியாமல் சொல்லும் பதில் வெறும் ஷோரூம் பேச்சு.

இங்கே பேச்சில் அடிபடுவது ஐந்து பெயர்கள். அசோக் லேலண்ட் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியது. 1955இல் லேலண்ட் பெயரைச் சேர்த்துக்கொண்டது. ஓசூரில் ஆலை இருப்பதால் நம் பக்கம் அதைச் சொந்தக்காரர் போலப் பார்ப்பார்கள். டாடா 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. அதே டைம்லர் 2012இல் சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில் பாரத்பென்ஸ் என்ற பெயரில் தனியாக இறங்கியது. ஐஷர் 2008 முதல் வோல்வோவுடன் கூட்டு. மஹிந்திரா அமெரிக்காவின் நேவிஸ்டாருடன் சேர்ந்து கனரக லாரிக்கு வந்தது; இப்போது தனித்தே ஓடுகிறது.

இந்த ஐந்தில் எதையும் மோசமான வண்டி என்று இன்று ஒதுக்கிவிட முடியாது. வித்தியாசம் வண்டி நின்ற பிறகுதான் தெரியும்.

முன்பெல்லாம் டீசல் பம்பு மக்கர் செய்தால் சங்ககிரியிலோ சேலத்திலோ ஒரு பட்டறையில் இறக்கிச் சரிசெய்து, மறுநாள் லோடு ஏற்றிவிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு டீசல் பாய்கிறது. புகைக்குழாயில் யூரியாக் கரைசல் பீய்ச்சப்பட்டு, நைட்ரஜன் ஆக்சைடு நச்சு வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறுகிறது. கரியைப் பிடிக்கத் தனியாக ஒரு ஃபில்டர். அதில் கரி சேர்ந்தால் வண்டியே சூடேற்றி எரித்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டில் சின்ன சென்சார் ஒன்று தவறான கணக்கு காட்டினாலும், சிறிது நேரத்தில் இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முழு லோடுடன் அப்படி ஆனால் டிரைவரின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். கோளாறைக் கண்டுபிடிக்கக் கம்பெனி சாஃப்ட்வேர் உள்ள லேப்டாப் வேண்டும். கைதேர்ந்த மெக்கானிக்கும் அது இல்லாமல் கை கட்டித்தான் நிற்க வேண்டும்.

ஆகவே ஊரில் உலவும் பழைய நற்பெயர்களைக் கொஞ்சம் சந்தேகத்துடன் கேளுங்கள். ‘லேலண்டை எந்தப் பட்டறையிலும் பார்த்துக்கலாம்’ என்பார்கள். 2017இல் பிஎஸ் 4 கட்டாயமானபோது டாடாவும் பாரத்பென்ஸும் கனரக வண்டிகளில் யூரியா முறைக்குப் போயின. லேலண்ட் யூரியா வேண்டாத ஐஇஜிஆர் முறையைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அந்தப் பேச்சு உண்மை. பிஎஸ் 6இல் லேலண்டுக்கும் யூரியா வந்துவிட்டது. கிளட்ச், பிரேக், ஆக்சில், பட்டை வேலைக்கு அந்தப் பேச்சு இன்னும் பொருந்தும், இன்ஜினுக்குப் பொருந்தாது.

மைலேஜுக்கு வருவோம். ஆண்டுக்கு 1 லட்சம் கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர் தருவதற்குப் பதில் 3.75 தந்தால் சுமார் 1,900 லிட்டர் மிச்சம். டீசல் 92 ரூபாய் என்றால் 1,75,000 ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் இந்தக் கால் கிலோமீட்டர் டிரைவரின் காலிலும் டயர் காற்றிலும்கூட வரும், போகும். நின்ற வண்டிக்கு அப்படி வழியில்லை. மாத டியூ 90,000 என்றால் நாளைக்கு 3,000; அதற்கு மேல் டிரைவர் படி, இழந்த நடை, அடுத்த லோடு கைவிட்டுப் போவது எல்லாம் தனி.

இதைத் தெரிந்துதான் கம்பெனிகள் வாக்குறுதி தருகின்றன. 4 மணி நேரத்தில் ஆள் வருவார், 48 மணி நேரத்தில் வண்டி ஓடும் என்றது லேலண்ட். மைலேஜ் கூடுதலாகக் கிடைக்காவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்று 2016இல் பிளேசோ லாரியை விற்ற மஹிந்திரா, பிறகு 48 மணி நேரத்தில் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவராவிட்டால் நாளைக்கு 1,000 ரூபாய் தருவோம் என்றது. நல்ல எண்ணம்தான், ஆனால் மேலே சொன்ன ஒரு நாள் டியூவில் மூன்றில் ஒரு பங்குதான்.

நாமக்கல்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சேசிஸாக வாங்கி இங்கே பாடி கட்டுகிறோம். சேசிஸில் இஷ்டப்படி துளை போட்டாலோ வெல்டிங் வைத்தாலோ, பின்னால் ஃபிரேம் விரிசலுக்கும் வயரிங் கோளாறுக்கும் டீலர் பாடி கட்டியவரைக் காட்டுவார், அவர் டீலரைக் காட்டுவார். கம்பெனி தரும் பாடி வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். நீண்ட கால வாரண்டி பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சிலுக்குத்தான். கிளட்ச் டிஸ்க், பிரேக் லைனர் தேய்வது நம் செலவு.

விலை குறைவு என்று புதுக் கம்பெனிக்குத் தாவுகிறவர்கள் இரண்டு பெயர்களை நினைவில் வைக்கலாம். குஜராத்தின் புஜ்ஜில் தயாரான ஏஎம்டபிள்யூ கடனில் மூழ்கியது. ஜெர்மனியின் மேன் நிறுவனம் 2018இல் இந்தியாவில் லாரி தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. கம்பெனி போனால் சர்வீஸ் போகும். செகண்ட் ஹேண்டில் கேட்பார் இருக்க மாட்டார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், ஒரே ஒரு வண்டி வைத்து, கிடைத்த லோடை ஏற்றி இந்தியா முழுக்க ஓடுபவருக்கு லேலண்ட் அல்லது டாடாதான். ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும், விற்றாலும் விலை நிற்கும். ஒப்பந்தத்தில் ஒரே தடத்தில் ஓடும் டேங்கர்களுக்கு, அந்தத் தடத்தில் நல்ல ஒர்க்‌ஷாப் இருந்தால், பாரத்பென்ஸைத் தயங்காமல் பார்க்கலாம். உதிரிபாகத்துக்கு டீலரையே நம்ப வேண்டும், அவ்வளவுதான். ஐஷரும் மஹிந்திராவும் இதே நிபந்தனையில்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சேலத்து ஷோரூமோடு நிற்காமல், உங்கள் வண்டி அதிகம் போகும் ரூட்டில் அதே கம்பெனியின் இரண்டு ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போய், அங்கே நிற்கும் லாரிகளின் டிரைவர்களிடம் எத்தனை நாளாக நிற்கிறீர்கள், எந்தச் சாமானுக்காக நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிற்பவர்கள் அதிகம் என்றால் அந்த வண்டியை வாங்காதீர்கள்.