மாரியோவின் கடிகாரம் ஏன் மெதுவாக ஓடிற்று?

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் வீடியோ விளையாட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியான விளையாட்டு அது. ஆட்டம் தொடங்கும்போது திரையின் வலப்பக்க மேல்மூலையில் 400 என்ற எண் தோன்றும். அது ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். அது பூச்சியம் ஆவதற்குள் மாரியோ ஓடிக் குதித்துக் கோட்டையை அடைய வேண்டும்.

ஜப்பானில் இந்த 400 பூச்சியமாக ஆகும் நேரம் 2 நிமிடம் 40 விநாடி. அதே விளையாட்டை 1990-களில் மேலப்பாளையத்தில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடியிருந்தால் 3 நிமிடம் 12 விநாடி ஆகியிருக்கும். விளையாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்படியானால் இந்த 32 விநாடி எங்கிருந்து வந்தது? இரண்டு நேரங்களில் எது சரியானது?

பழைய விளையாட்டுப் பெட்டிகளை இன்றைய கணிப்பொறிக்குள் மறுபடியும் உயிர்ப்பிக்க முயல்பவர்களை வாட்டும் கேள்வி இதுதான். விடை காண, முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

பெட்டிக்குள் இரண்டு சில்லுகள்

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ‘பாமிகாம்’ என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் முக்கியமான சில்லுகள் இரண்டு. ஒன்று கணக்குப் போடும் சில்லு. 1975-இல் அமெரிக்காவில் உருவான ‘6502’ என்ற சில்லின் வழிவந்தது. மற்றொன்று படம் தீட்டும் சில்லு. வேலை செய்வதற்குப் பெட்டியில் இருந்த நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரைகூட அதில் அடங்காது!

நம் நாட்டில் இந்தக் குடும்பத்துப் பெட்டிகள் சமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களில் விற்றன. அவற்றுள் பல, மூலப்பெட்டியைப் பார்த்து வேறு நிறுவனங்கள் செய்த நகல்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவையும் உண்டு. பிள்ளைகள் இதை ‘டி.வி. கேம்’ என்றார்கள், மேலே செருகும் விளையாட்டுக் கட்டையைக் ‘கேசட்’ என்றார்கள்.

தறியும் தொலைக்காட்சியும்

மேலப்பாளையம் கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். தறியில் நாடா இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் ஓடி, ஊடை நூலை ஒவ்வோர் இழையாகப் பாவுக்குள் கோத்துத் துணியாக்குகிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சியும் ஏறக்குறைய ஒரு தறிதான். அதில் நாடாவுக்குப் பதில் மின்னணுக் கற்றை. அது திரையின் குறுக்கே ஒவ்வொரு கோடாக இழுத்து, மேலிருந்து கீழே வந்து ஒரு படத்தை முடிக்கும். நெய்த துணியைச் சுருட்டிக்கொள்ள நெசவாளர் சற்றே தறியை நிறுத்துவார் அல்லவா? அதுபோலக் கற்றையும் அடியிலிருந்து மேலே திரும்பச் சற்று இடைவெளி எடுத்துக்கொள்ளும். அடுத்த படத்துக்கு வேண்டிய மாற்றங்களை விளையாட்டு அந்த இடைவெளியில்தான் செய்து முடிக்கிறது.

இப்படி விநாடிக்கு எத்தனை படம்? அமெரிக்காவில் 60. அங்கே வீட்டு மின்சாரம் விநாடிக்கு 60 முறை திசை மாறிச் சுழல்வது. மின்சாரத்தின் சுழற்சியும் படத்தின் எண்ணிக்கையும் ஒத்திருந்தால் திரையில் குறுக்கீடு நெளியாது என்று அக்காலப் பொறியாளர்கள் கருதினர். ஜப்பானும் அமெரிக்கத் தொலைக்காட்சி முறையையே ஏற்றது. நம் நாட்டு மின்சாரமோ 50 சுழற்சி. 1944 முதல் தாமிரபரணி நீரால் சுழலும் பாபநாசம் மின்நிலையம் தருவதும் 50 சுழற்சி மின்சாரம்தான். எனவே நம் தொலைக்காட்சியும் விநாடிக்கு 50 முறை திரையை வரைந்தது. 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோது நாம் ஏற்ற ‘பி.ஏ.எல்.’ முறையிலும் அதே 50 தொடர்ந்தது.

இப்போது புதிர் அவிழ்கிறது. மாரியோ விளையாட்டுக்கு விநாடி என்றால் என்னவென்றே தெரியாது. அது படங்களை மட்டுமே எண்ணுகிறது. 24 படங்கள் முடிந்தால் 400 என்பது 399 ஆகும். ஆகவே 400 பூச்சியமாக 9,600 படங்கள் வேண்டும். 9,600-ஐ 60-ஆல் வகுத்தால் 160 விநாடி. 50-ஆல் வகுத்தால் 192 விநாடி. அந்த 32 விநாடி வித்தியாசம் மின்சாரத்திலிருந்து வந்தது!

பொறியைப் போல நடிக்கும் நிரல்

ஒரு பொறி செய்வதையெல்லாம் வேறொரு கணிப்பொறியில் அப்படியே செய்துகாட்டும் நிரலுக்கு ‘எமுலேட்டர்’ என்று பெயர். பழைய கேசட்டில் இருக்கும் ஆணைகளை அது ஒவ்வொன்றாகப் படித்து, பழைய சில்லு என்ன செய்திருக்குமோ அதைச் செய்கிறது.

ஆணையின் விடை சரியாக இருந்தால் போதுமா? போதாது. விடை வரும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். மாரியோவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திரையின் மேலே மதிப்பெண் பட்டை அசையாமல் நிற்க, கீழே நிலம் மட்டும் நகர்கிறது. படச்சில்லுக்கு இப்படித் திரையை இரண்டாகப் பிரிக்கத் தெரியாது. ஆகவே நிரலாசிரியர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பட்டையிலுள்ள காசுப் படத்தின் அடியில் ஒரு சிறு உருவத்தை மறைத்து வைத்தார்கள். கற்றை அந்த உருவத்தைத் தீட்டும் கணத்தில் படச்சில்லு ஒரு சைகை தரும். அதற்காகவே காத்திருக்கும் நிரல், உடனே ‘இனி நகர்த்து’ என்று ஆணையிடும். எமுலேட்டர் இந்தச் சைகையைத் தவறான நேரத்தில் தந்தால் திரையின் பிரிவு இடம் மாறிக் குலையும். தராமலே விட்டுவிட்டால் விளையாட்டு காத்துக்கொண்டே நின்றுவிடும்.

தொடக்ககால எமுலேட்டர்கள் பல, கணக்குச் சில்லை ஒரு கோட்டின் நேரம்வரை ஓடவிட்டு, பின்பு அந்தக் கோட்டை மொத்தமாக வரைந்தன. வேகமான வழிதான், ஆனால் கோட்டின் நடுவில் நிகழும் மாற்றங்கள் அதில் தவறிப்போகும். உண்மைப் பெட்டியில் இரண்டு சில்லுகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஜப்பானியப் பெட்டியில் கணக்குச் சில்லு விநாடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்பு துடிக்கிறது. அதன் ஒரு துடிப்புக்குள் படச்சில்லு 3 புள்ளி நகர்கிறது. ஒரு கோட்டுக்கு 341 புள்ளி. ஒரு படத்துக்கு 262 கோடு. துல்லியத்தை நாடுவோர் இந்த ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டையும் ஒத்துப்போகச் செய்கிறார்கள். அதனால்தான் மூலப்பெட்டியைப் போல் எத்தனையோ மடங்கு வேகமான கணிப்பொறி இதற்குத் தேவைப்படுகிறது.

செய்தது சரியா என்று எப்படி அறிவது? சோதனை நிரல் ஒன்றை எழுதி, உண்மைப் பெட்டியிலும் எமுலேட்டரிலும் ஓடவிட்டு, விடைகளை ஒப்பிடுவது ஒரு வழி. இன்னொரு வழி இன்னும் வியப்பானது. கிரெக் ஜேம்ஸ், பேரி சில்வர்மன், பிரையன் சில்வர்மன் ஆகிய மூவர் 6502 சில்லின் உறையை நீக்கி, நுண்ணோக்கியால் படமெடுத்து, அதிலுள்ள ஏறத்தாழ 3,500 டிரான்சிஸ்டர்களும் எப்படி இணைந்துள்ளன என்று வரைந்தெடுத்தனர். 2010-இல் அந்த வரைபடம் கணிப்பொறித் திரையிலேயே இயங்கத் தொடங்கியது!

நகல் செய்த விந்தை

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். துல்லியம் என்றால், எந்தப் பெட்டிக்குத் துல்லியம்?

ஐரோப்பாவிலும் தொலைக்காட்சி 50 படம்தான். அதற்கென நின்டெண்டோ செய்த பெட்டியில் ஒரு துடிப்புக்கு 3 புள்ளி என்ற உறவு 3.2 ஆக மாறிப்போயிற்று. கணக்குச் சில்லின் துடிப்பும் 16 லட்சத்து 63 ஆயிரமாகக் குறைந்தது. துடிப்புகளை எண்ணி எழுதப்பட்ட ஜப்பானிய விளையாட்டுகள் சில அதில் தடுமாறின.

பி.ஏ.எல். நாடுகளுக்கென நகல் செய்தவர்கள் வேறொரு வழி கண்டனர். அவர்களுடைய பெட்டியில் 3 புள்ளி உறவு அப்படியே இருந்தது. துடிப்பும் 17 லட்சத்து 73 ஆயிரம், மூலத்துக்கு மிக நெருக்கம். 262 கோட்டை 312 ஆக்க வேண்டுமே? படம் முடிந்த பிறகு 50 வெற்றுக் கோடுகளைச் சேர்த்தார்கள். அதன் பின்பே அடுத்த படத்துக்கான இடைவெளி தொடங்கியது. எனவே ஜப்பானிய கேசட்டுகள் குலையாமல் ஓடின. வேகம் மட்டும் ஆறில் ஐந்து பங்காயிற்று. நிறுவனமே செய்த பெட்டியைவிட, இந்த வகையில், நகல்தான் மூலத்துக்கு உண்மையாக இருந்தது!

இன்று மெசன், எப்.சி.இ.யு.எக்ஸ். போன்ற எமுலேட்டர்களில் இந்த நகல் வகைக்குத் தனி அமைப்பு உண்டு. அதன் பெயர் ‘டெண்டி’. 1992 முதல் ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர் அது. அங்கே அதை வைத்திருந்தவர்கள் விடாமல் அளந்து எழுதிவைத்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. நம் ஊர்ப் பெட்டிகளை யார் அளந்தார்கள்? பரண்மேல் கிடக்கும் பெட்டியின் சில்லு ஒருநாள் செயலிழக்கும். அதன்பின் நம் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் எந்த வேகத்தில் ஓடியது என்பதற்குச் சான்று இராது. ஜப்பானியப் பெட்டியை அணுவளவும் பிசகாமல் பின்பற்றும் எமுலேட்டர்கூட மேலப்பாளையத்துத் திரைக்குப் பிழையானதே. அளவை எழுதும்போது எந்தப் பொருளை அளந்தோம் என்பதையும் எழுத வேண்டும் என்று ஆய்வகத்தில் சொல்லித் தருகிறார்களே, அந்த விதி இங்கும் பொருந்துகிறது.

செய்து பாருங்கள்

வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய டி.வி. கேம் இயங்கும் நிலையில் இருக்கிறதா? பெரியவர்களின் துணையோடு இணையுங்கள். மாரியோவின் எண் 400-இலிருந்து 300-க்கு வரும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் மூன்று முறை அளந்து சராசரி காணுங்கள். 40 விநாடி என்றால் அது 60 படப் பெட்டி. 48 என்றால் 50 படப் பெட்டி.

48 வந்தால், இசையையும் கேளுங்கள். கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலியை வைத்து, ஜப்பானியப் பெட்டியின் ஒலிப்பதிவோடு ஒப்பிடுங்கள். சுருதி 7 விழுக்காடு, அதாவது ஒரு சுரத்தானத்துக்குச் சற்று மேலாகவே, இறங்கியிருந்தால் ஐரோப்பிய வகை. 1 விழுக்காட்டுக்குள் இருந்தால் நகல் வகை. பெட்டியின் பெயர், உள்ளே சில்லின்மேல் அச்சிட்ட எண், வாங்கிய ஆண்டு, அளந்த நேரம் ஆகிய நான்கையும் நோட்டில் குறித்துவையுங்கள்.